அங்கடியின் நீளக் குழாய்

பசவப்பிரபு அங்கடிக்கு யாரைப் பார்த்தாலும் வயிறு எரியும். புறம் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவரே என் எதிரில் உட்கார்ந்து சொன்னதுதான்.

"அக்கா, எனக்கு இது பிறவி வியாதி. எங்க ஊர் கதக்ல, ஸ்கூல்ல பக்கத்து பெஞ்சுப் பையன் புது ஜாமெட்ரி பாக்ஸ் கொண்டு வந்தான்னா அன்னிக்கு எனக்கு ரொட்டி இறங்காது. சகலை கார் வாங்கினப்போ காய்ச்சல்ல படுத்துட்டேன். டைபாய்டான்னு டாக்டர் டெஸ்ட் எடுத்தாரு."

சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். சிரித்துக்கொண்டே, யாருடைய கணக்குக்கு நான் எத்தனை பிராசசர் கொடுத்திருக்கிறேன் என்று என் திரையை எட்டிப் பார்ப்பார்.

பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் பெரிய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மெஷின் ரூம் மங்களக்கா என்றால் கேன்டீன் வரைக்கும் தெரியும். எவ்வளவு பெரிய விஞ்ஞானியாக இருந்தாலும் தன் கணக்கை என் வரிசையில்தான் போட வேண்டும். எது முதலில் ஓடும், எது காத்துக் கிடக்கும் என்று பார்ப்பவள் நான். ஒரு ரேஷன் கடைக்காரிக்கு உள்ள அதிகாரம், அவளுக்குக் கிடைக்கிற திட்டு, இரண்டும் எனக்கு உண்டு. நான் மண்டியாக்காரி, திட்டினால் திருப்பித் திட்டுவேன்.

எங்கள் கூடத்தில் ஓடுவது ரத்தம். நிஜ ரத்தம் இல்லை, கணக்கில் ஓடுகிற ரத்தம். சிவப்பணு என்பது ஒரு மெல்லிய தோல் பை, உள்ளே கெட்டியான குழம்பு. தலைமுடியை விடச் சன்னமான குழாயில் அது மடங்கி, நெளிந்து, அமுங்கி, மறுபடி நிமிர்ந்து போகும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அது போவது தெரியும், தோலில் எந்த இடம் எவ்வளவு இழுபடுகிறது என்பது தெரியாது. அதற்குத்தான் கம்ப்யூட்டர். தோலைக் குட்டிக் குட்டி முக்கோணங்களாகப் பிரித்து, தண்ணீர் தோலைத் தள்ளுவதையும் தோல் தண்ணீரைத் திருப்பித் தள்ளுவதையும் கணக்குப் போட்டு, இம்மி இம்மியாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மருந்தை உள்ளே அடைத்து ரத்தத்தில் விடுகிற மென்மையான உறைகளும் இதே ஜாதிதான். அவை எந்த வளைவில் கிழியும் என்று முன்னாலேயே தெரிந்துவிட்டால் எத்தனையோ பேருக்கு நல்லது.

இந்தக் கணக்கைப் போடும் ப்ரோகிராமுக்கு எங்கள் இடத்தில் குப்பச்சி என்று பெயர். கன்னடத்தில் சிட்டுக்குருவி என்று அர்த்தம். எழுதியவர் அங்கடி, பெயர் வைத்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும், பொதுவில் வைத்திருக்கும் குப்பச்சியை எடுத்து அவரவர் சிவப்பணுவை ஓட்டிக்கொள்வார்கள். அங்கடியின் சொந்த ஃபோல்டரை மட்டும் யாரும் திறக்க முடியாது. அதைப் பூட்டி வைத்திருந்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோள ரொட்டி டப்பாவையே மூடி வைத்துத் தின்கிற மனிதர்.

இன்னொரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு மெஷின்களை எல்லாம் நிறுத்தி, தூசி தட்டித் துடைத்து, குங்குமம் வைத்து, வீட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வருவோம். அந்த வருடத்தின் நல்ல ஓட்டம் எதுவோ, அதன் படம் வராந்தாவிலிருக்கும் பெரிய திரையில் ஓடும். படத்துக்கு உரியவர்தான் மெஷின் ரூம் வாசலில் திருஷ்டிப் பூசணிக்காயைச் சுற்றி உடைக்க வேண்டும். வருடா வருடம் அங்கடிதான் உடைப்பார். பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். உலகத்தில் தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஆள் இருக்கிறது என்று அந்த ஒரு நாள் அவர் நம்புவார்.

ஆனால் வேலை கான்ட்ராக்ட். ஒவ்வொரு உகாதிக்கும் நீட்டுவார்கள், நீட்டும் வரைக்கும் மனைவி சிவலீலா ஒரு நல்ல வார்த்தை பேசமாட்டாள். இந்த நிலைமையில்தான் எங்கள் கூடத்தின் தலைவர் ஹத்வார் சார், ஓய்வு பெறுவதற்கு முன், ஒரு நிரந்தர வேலைக்கு அனுமதி வாங்கினார். குப்பச்சியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். அது அங்கடிக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தோம். அங்கடி மட்டும் நினைக்கவில்லை. தனக்கு நல்லது நடக்கும் என்று நம்பினால், அது அடுத்தவனுக்கு நடக்கும்போது தாங்காது என்பது அவர் கொள்கை.

அந்த நேரம் பார்த்து சௌபர்ணிகா உடுப வந்து சேர்ந்தாள்.

ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த பெண், ஊர் குந்தாபுரம். ஹத்வார் சாருக்கும் குந்தாபுரம்தான். அதுவரை சார் ஆபீசில் இங்கிலீஷ்தான் பேசுவார், சிரிப்பதையும் இங்கிலீஷில்தான் சிரிப்பார். இவள் வந்த முதல் நாளே வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து "ஹ்வாய்!" என்று ஒரு கூப்பாடு. குந்தாபுரத்துக்காரர்கள் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். இவளும் "ஹ்வாய்!" என்று திருப்பிக் கூவினாள். பிறகு இரண்டு பேரும் வார்த்தைகளைப் பாதி பாதியாகக் கடித்துத் துப்பும் அந்தப் பேச்சில் ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கே முக்கால்வாசி புரியவில்லை. கதக்காரருக்கு எங்கே புரியும்?

"என்ன அக்கா பேசிக்கிறாங்க?" என்று அங்கடி என் ரூமுக்குள் வந்து நின்றார்.

"மீனைப் பத்தி போல இருக்குப்பா. பாங்குடே, பாங்குடேன்னு காதுல விழுது."

"மீனா? ஹத்வார் சார் மீன் தொடமாட்டாரு."

"மீன் தொடாதவன் மீன் பேசக்கூடாதுன்னு சட்டமா?"

"இல்லக்கா. மீனைப் பேசற சாக்குல வேலையைப் பேசிக்கறாங்க. என் எதிர்லயே பேசறாங்க, எனக்குப் புரியாதுன்னு தைரியம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து "ஹ்வாய்" காதில் விழுந்தால் போதும், அங்கடி கையிலிருக்கும் காபி ஆறிப்போகும்.

அந்தப் பெண் நல்ல பெண். நான் சும்மா சொல்ல மாட்டேன், எனக்கு லேசில் யாரையும் பிடிக்காது. ஒரு திங்கட்கிழமை ஊரிலிருந்து வந்தவள், பலா இலையில் இட்லிபோல வேகவைத்த கடுபு கொண்டு வந்தாள். எனக்கு ஒரு பங்கு, அங்கடிக்கு ஒரு பங்கு. அவர் மேசையருகே போய் நின்று, "அங்கடி அண்ணா, குப்பச்சியில எனக்கு ஒரு சந்தேகம். அஞ்சு நிமிஷம் உட்கார முடியுமா?" என்று கேட்டாள்.

"ஜெர்மனியில சொல்லித் தரலையா?"

"ஜெர்மனியில குப்பச்சி இல்லையே மாராயா. உங்ககிட்டதானே கேக்கணும்."

"இப்போ டைம் இல்ல."

அவள் போன பிறகு கடுபைத் தூக்கி செக்யூரிட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டார். அடுத்த வாரமும் வந்து கேட்டாள், அதே பதில். மூன்றாம் தடவை அவள் வருவதைப் பார்த்ததும் போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். பெருமையடிக்க வருகிறாள் என்று என்னிடம் சொன்னார். "கேக்கற மாதிரி கேட்டு, தான் என்ன கண்டுபிடிச்சிருக்கேன்னு காட்டிக்கறதுக்கு வர்றா. எனக்குத் தெரியாதா? நானும் அப்படித்தானே கேப்பேன்."

காட்டிக்கொள்ள அவளிடம் விஷயம் இருந்ததும் உண்மைதான். குழாயில் விட்ட சிவப்பணு, ஓரத்தில் ஆரம்பித்தாலும் மெல்ல நடுவுக்கு வந்து நிதானமாகப் போகும் என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சௌபர்ணிகாவின் சிவப்பணு நடுவுக்கு வரவில்லை. சர்க்கரை நோயில் விறைத்துப்போன தோலுக்குத் தகுந்தாற்போல அவள் தோலைக் கொஞ்சம் கெட்டியாக்கியிருந்தாள். அது நடுக்கோட்டை விட்டு விலகி நின்று, தோல் புல்டோசர் சங்கிலிபோலச் சுற்ற, ஆடி ஆடிப் போனது. குடித்துவிட்டு வருகிறவன் வீட்டு வாசலை விட்டுவிட்டுச் சுவரோரமாகவே நடப்பதுபோல. அந்தப் படத்தை அவள் போட்டுக் காட்டியபோது வராந்தாவில் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஹத்வார் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இந்த வருடம் பெரிய திரை யாருக்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

அங்கடி என் ரூமுக்கு வந்தார். மெஷின் ரூமில் எப்போதும் குளிர். அவருக்கு வியர்த்திருந்தது.

"எனக்கு எரியுதுக்கா. நிஜமாவே எரியுது, இங்க." நெஞ்சுக்குழியில் கையை வைத்தார். "குப்பச்சி என் குழந்தை. ராத்திரி பகல் பார்க்காம வளர்த்தேன். அது நேத்து வந்தவ கூப்பிட்டா ஓடிப்போய் மடியில உக்காந்துக்குது. எனக்கு ஒரு தடவையாவது இப்படி ஆடிக் காட்டியிருக்கா?"

"ப்ரோகிராமுக்கு அம்மா அப்பா தெரியுமாப்பா? யார் போட்டாலும் ஓடும்."

"நிரந்தர வேலையும் அவளுக்குத்தான். எழுதி வச்சுக்கோங்க."

"நான் ஏன் எழுதணும்? எனக்கு வேற வேலையில்ல? போய் ஒரு காபி குடி."

காபி குடிக்கப் போகவில்லை. அவள் ஃபோல்டரைத் திறக்கப் போனார். அதில் திருட்டு ஒன்றும் இல்லை, அவள் எதையும் பூட்டுவதில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டு நாள் தலை நிமிராமல் பார்த்தார். பாசத்தோடு பார்க்கிறவனுக்குப் பத்து தப்பில் ஒன்றுகூடத் தெரியாது. பொறாமையோடு பார்க்கிறவனுக்கு இல்லாத பதினொன்றாவதும் தெரியும். ஆனால் இது இருந்த தப்பு.

விஷயம் இதுதான். முழு ரத்தக்குழாயைக் கம்ப்யூட்டருக்குள் கட்ட முடியாது. ஒரு துண்டை மட்டும் கட்டி, அதன் வலது முனையை இடது முனையோடு சேர்த்துவிடுவார்கள். வலப்பக்கம் வெளியே போன சிவப்பணு இடப்பக்கமாக உள்ளே வரும், தேர் நாலு வீதியும் சுற்றிவிட்டு நிலைக்கு வருவதுபோல. துண்டு போதுமான நீளம் இல்லையென்றால் வந்தது வினை. சிவப்பணு தனக்குப் பின்னால் கிளப்பிவிட்ட கலக்கம், சுற்றிக்கொண்டு போய் அதற்கு முன்னாலேயே வந்து நிற்கும். யாரோ எதிரில் நின்று தன்னை இடிக்கிறார்கள் என்று அது தள்ளாடும். இடிப்பது அதுவேதான்.

"குழாய் குட்டைக்கா!" என்று அங்கடி ஓடி வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பூசணிக்காய் உடைக்கும்போதுதான் பார்த்திருக்கிறேன். "ஆட்டமும் இல்ல, கூத்தும் இல்ல. அவளோட சிவப்பணு தன் வாலையே பார்த்து பயப்படுது!"

கேன்டீனுக்குப் போய் இரண்டு பிளேட் கேசரிபாத் வாங்கினார். ஒன்றை எனக்குக் கொடுத்தார். அங்கடி யாருக்காவது எதையாவது வாங்கிக் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சந்தோஷம்" என்றேன். "இப்பவே போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு. எல்லாரும் வேலையைக் காட்டற ரிவ்யூவுக்கு இன்னும் நாள் இருக்கு, சரி பண்ணிக்குவா."

"ஏன் சொல்லணும்?"

"கூட வேலை பார்க்கற புள்ளப்பா. சபையில மானம் போகாதா?"

"போகட்டும். புனேயிலிருந்து லிமயே மேடம் வர்றாங்க இல்ல, அவங்க எதிர்ல கேக்கறேன். எல்லாரும் பார்க்கட்டும், குப்பச்சி யாருக்குத் தெரியும்னு."

"அங்கடி, நல்லா இல்ல இது."

"நீங்களும் அந்தக் கட்சியா? கடுபு தின்னீங்க இல்ல."

எனக்குச் சுர்ரென்று வந்தது. தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "இந்தா, உன் கேசரிபாத்தும் நீயே தின்னு" என்றேன். தின்றார். இரண்டு பிளேட்டையும்.

ரிவ்யூவைப் பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் வைத்திருந்தார்கள். லிமயே மேடம் வெள்ளை முடி, பருத்திப் புடவை, யாரையும் பார்த்துச் சிரிக்காத பழக்கம். நிரந்தர வேலைக்கு யாரை எடுப்பது என்று சொல்லப்போகிற குழுவுக்கு அவர்தான் தலைவர். திரையில் ஏதாவது நின்றுபோனால் பார்த்துக்கொள்ள என்னையும் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள்.

சௌபர்ணிகா படத்தைப் போட்டாள். சிவப்பணு ஆடி ஆடிப் போனது. விளக்கைப் போட்டதும் லிமயே மேடம், "கேள்வி?" என்றார்.

அங்கடி எழுந்தார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். "குழாய் எவ்வளவு நீளம் வச்சீங்க?"

அவள் சொன்னாள்.

"போதுமா அது? அதோட கலக்கம் சுத்திவந்து அதையே இடிக்காதா?"

தன் அம்பு சரியாகப் போய்த் தைத்துவிட்டது என்று அங்கடி நினைத்திருப்பார். சௌபர்ணிகா பயப்படவில்லை. அவள் முகத்தில் நிம்மதி வந்ததுபோல் இருந்தது.

"இடிக்குதோன்னுதான் எனக்கும் சந்தேகம் சார். அதைக் கேக்கத்தான் உங்ககிட்ட வந்தேன். மூணு தடவை வந்தேன். குழாயை நீட்டிப் பார்க்கலாம்னா குப்பச்சி நடுவுலயே நின்னுபோகுது. எத்தனை தடவை போட்டாலும் நிக்குது. இந்த நீளத்துக்கு மேல அது ஓடாதுன்னு முன்னாடி இருந்தவங்க எல்லாரும் சொன்னாங்க. அதனால இதை முடிவுன்னு நான் சொல்லல, ஆட்டம் நிஜமா இல்லையான்னு இன்னும் தெரியாதுன்னுதான் கடைசியில எழுதியிருக்கேன்."

"ஓடாதா?" அங்கடி சிரித்தார். இத்தனை பேரும் பார்க்கட்டும் என்கிற சிரிப்பு. "யார் சொன்னது? என் ஃபோல்டர்ல இருக்கற காப்பியில ஜம்முனு ஓடும். இதைப்போல நாலு மடங்கு நீட்டினாலும் நிக்காது. நான் எப்பவோ சரி பண்ணிட்டேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அதுவாவது மழைக்குக் கத்தியது, இவர் கைதட்டலுக்குக் கத்தினார். ஹத்வார் சார் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"உன் காப்பியா?"

அங்கடியின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எப்போ சரி பண்ணீங்க?" என்று லிமயே மேடம் கேட்டார்.

"கொஞ்ச... கொஞ்ச வருஷம் ஆச்சு மேடம்."

"பொதுவுல ஏன் போடல?"

அங்கடி இஸ்திரி போட்ட சட்டையின் நுனியை இழுத்து விட்டுக்கொண்டார். முன் வரிசையில் ஒரு பையன், போன வருடம் குழாயை நீட்ட முடியாததால் தன் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டவன், அங்கடியையே பார்த்துக்கொண்டிருந்தான். வைக்கோற்போரில் படுத்த நாய், தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. எங்கள் அங்கடி அதற்கும் ஒரு படி மேல். தான் மட்டும் தின்றுகொண்டிருந்தார்.

"இப்போ போடுங்க" என்றார் லிமயே மேடம். குரலை உயர்த்தவே இல்லை. "அந்தப் பொண்ணோட சிவப்பணுவை உங்க நீளக் குழாயில ஓட்டுங்க. பூஜைக்கு மெஷினை நிறுத்தறதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

எல்லார் எதிரிலும் அங்கடி தன் பூட்டைத் திறந்தார். பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தார், மறுபடி தப்பாக அடித்தார். வரிசையில் இருந்த மற்றதை எல்லாம் ஒதுக்கிவிட்டு அந்த ஓட்டத்துக்கு நான் முழு மெஷினையும் கொடுத்தேன்.

எல்லாரும் கலைந்த பிறகு ஹத்வார் சார் அவரை வராந்தாவில் நிறுத்தினார். என் ரூம் கதவு திறந்திருந்தது. நான் மூடவில்லை, மூடுகிற ஜாதியும் இல்லை.

"அங்கடி, அந்த வேலைக்கு உன் பேரைத்தான் சொல்லி வச்சிருந்தேன்" என்றார் சார்.

"சார், அவளுக்குன்னு..."

"அவளுக்கு எதுக்கு? தீபாவளி கழிஞ்சதும் ஜப்பான் போறா. வந்த அன்னிக்கே சொன்னாளே. உனக்குத் தெரியாதா?"

"நீங்க குந்தாபுரத்துப் பேச்சுல பேசிக்கிட்டீங்க சார்."

"உன்கிட்டயும் சொல்லலாம்னுதான் வந்தா. நீ உட்காரச் சொல்லியிருந்தாத்தானே." சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "குப்பச்சியைப் பத்திரமா பார்த்துக்கற ஆள்னு உன்னைச் சொன்னேன். இப்போ நான் எப்படிப்பா அதைச் சொல்றது? லிமயே மேடம் சிரிக்கமாட்டாங்க, ஆனா என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. வேலைக்கு வெளியில விளம்பரம் கொடுக்கச் சொல்லிட்டாங்க."

சார் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். வெகுநேரம் கழித்து அங்கடி என் ரூமுக்கு வந்து, வழக்கமாக உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"யார் தட்டிப் பறிச்சாங்கக்கா?" என்று கேட்டார்.

யாரும் பறிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்துவிட்டு என் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருக்கே தெரிந்ததை நான் வேறு சொல்ல வேண்டுமா?

மறுநாள் சாயங்காலம் ஓட்டம் முடிந்தது. அதில்தான் அங்கடியின் தலையெழுத்து இன்னும் ஒரு கோணல் கோணியது. நீளக் குழாயில் சிவப்பணு சமர்த்தாக நடுவுக்கு வந்து உட்கார்ந்திருந்தால், தான் கேட்ட கேள்வியாவது சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார். அது வரவில்லை. ஆட்டம் குறைந்தது, பாதிக்கும் கீழே குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. எதிரில் இடிக்க யாரும் இல்லாத குழாயிலும் அது நடுக்கோட்டை விட்டு விலகி, லேசாக ஆடிக்கொண்டே போனது. சௌபர்ணிகா கண்டது நிஜம்தான். இப்போது யாரும் மறுக்க முடியாத நிஜம். மறுக்க முடியாமல் செய்தது அங்கடியின் காப்பி.

ஆயுத பூஜை அன்று பெரிய திரையில் அந்தப் படம் ஓடியது. கீழே இரண்டு பெயர். அவள்தான் போட்டிருந்தாள். முதலில் சௌபர்ணிகா உடுப, அடுத்து பசவப்பிரபு அங்கடி. அங்கடி பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்து அதன் எதிரில் நின்றார். தன் பெயருக்கு மேலிருந்த பெயரை எவ்வளவு நேரம் பார்க்க முடியுமோ அவ்வளவு நேரம் பார்த்தார். சிவலீலா பொரிகடலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நின்றாள். நிரந்தர வேலை கைவிட்டுப் போன கதை அவளுக்கு முந்தின நாளே தெரியும். ரொட்டி கட்டிக் கொடுத்தாளாம், பேச்சு கொடுக்கவில்லையாம்.

மெஷினுக்கு மாலை போட்டேன். கற்பூரம் காட்டினோம். சௌபர்ணிகா குங்குமம் நிரப்பிய பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு மெஷின் ரூமைச் சுற்றக் கிளம்பினாள்.

"நில்லும்மா" என்றேன். "மெஷினுக்கு அப்புறம். முதல்ல உனக்குச் சுத்தணும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது."

"எனக்கு நானே எப்படிக்கா சுத்திக்கறது?" அவள் அங்கும் இங்கும் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்குக் கபடம் தெரியாது. "அங்கடி அண்ணா, நீங்க சுத்துங்களேன். வருஷா வருஷம் நீங்கதானே."

செக்யூரிட்டிக்காரர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். ஹத்வார் சார் தரையைப் பார்த்தார். அங்கடி பூசணிக்காயைக் கையில் வாங்கிக்கொண்டு, எந்தப் பக்கம் ஆரம்பிப்பது என்று தெரியாதவர் மாதிரி நின்றார்.

அப்போதுதான் சிவலீலா வாயைத் திறந்தாள். வடகர்நாடகத்துக் குரல், கேன்டீன் வரைக்கும் கேட்டிருக்கும்.

"சுத்துங்க, சுத்துங்க. யார் கண்ணுன்னு ஊரெல்லாம் தேடவேண்டியதில்ல. எவ்வளவு பட்டிருக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும், அதுக்குத் தகுந்தாப்ல சுத்துங்க!"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை, வராந்தாவே சிரித்தது. போன வருடம் கட்டுரையைத் திரும்ப வாங்கியவன்கூடச் சிரித்தான். சௌபர்ணிகா மட்டும் என்ன ஏது என்று விழித்தாள். அங்கடியின் காது இரண்டும் சிவந்தன. சிரிப்பு அடங்கும் வரை அவர் அசையவில்லை.

பிறகு சுற்ற ஆரம்பித்தார். மூன்று சுற்று வழக்கம். மூன்று முடிந்தது. அவர் நிறுத்தவில்லை. கனமான காய், அங்கவஸ்திரம் சரிந்து தரையில் விழுந்தது, சுற்றிக்கொண்டே இருந்தார். சிரித்தவர்கள் எல்லாரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். சிவலீலா தட்டைக் கீழே வைத்துவிட்டு, "போதும் ரீ... போதுங்க" என்று சன்னமாகச் சொன்னாள். அதற்கப்புறம்தான் நிறுத்தினார். வாசலுக்குப் போய், தலைக்கு மேல் தூக்கி, ஓங்கி அடித்தார். சிவப்பும் வெள்ளையுமாகத் துண்டுகள் என் ரூம் படி வரைக்கும் தெறித்தன.

கை முழுக்கக் குங்குமத்தோடு என்னிடம் வந்தார்.

"மெஷினை எப்போ ஆன் பண்ணுவீங்க அக்கா?"

"நாளைக்குக் காலைல. ஏம்ப்பா?"

"மிச்சத்தையும் பொதுவுல போடணும்."

"இன்னும் மிச்சம் வச்சிருக்கியா!"

"இருக்கு." தலையைக் குனிந்துகொண்டார். "தோல் கிழியற கணக்கு ஒண்ணு. யார்கிட்டயும் காட்டல. நாளைக்கு முதல் ஆளா நான்தான் உள்ளே வரணும், வேற யாரையும் விட்டுடாதீங்க. இல்லேன்னா அதையும் அவளே எழுதிடுவா. நல்லா எழுதுவாக்கா அவ. என்னைவிட நல்லா எழுதுவா. அதை மட்டும் என்னால தாங்கிக்க முடியாது."

முகத்தைத் துடைத்துக்கொண்டார், குங்குமம் நெற்றி முழுக்க ஏறியது.

மறுநாள் காலை நான் சாவியோடு வந்தபோது, வாசலில் பூசணி விதைகளை மிதித்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்.